நேரோய் ஃபியோர்டைப் படகில் பார்ப்பது எப்படி: பேர்கனில் இருந்து ஒரு வழிகாட்டல்

மேற்கு நோர்வேக்கு வருகிறவர்கள் படகுக் கட்டணம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. எந்தக் கரையில் ஏறி எந்தக் கரையில் இறங்குவது?

நான் பேர்கனில் வசிக்கிறேன். கோடை வந்தால் டொராண்டோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் சொந்தக்காரர் வருவார்கள். வந்தவர்களை நேரோய் ஃபியோர்டுக்கு, அதாவது மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஒடுங்கிய நீர்வழிக்கு, கூட்டிப் போவது என் பொறுப்பு. முழங்கால் வலியோடு வந்த அம்மாவையும், ஓரிடத்தில் நிற்காத தங்கச்சியின் பிள்ளைகளையும், குளிர் என்றாலே முகம் சுளிக்கும் மாமியையும் அந்தப் படகில் ஏற்றியிருக்கிறேன். யாருக்கு எது சரிப்படும் என்பது அப்படிப் பழகியதுதான்.

ஃப்ளோம் என்ற கிராமத்துக்கும் குட்வாங்கன் என்ற கிராமத்துக்கும் இடையில் சுற்றுலாப் படகு ஓடுகிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். எந்தப் பக்கம் ஏறினாலும் பார்ப்பது அதே மலைதான், அதே தண்ணீர்தான். இருந்தாலும் ஃப்ளோமில் ஏறி குட்வாங்கனில் இறங்குங்கள் என்று எல்லோருக்கும் சொல்லுவேன். அப்படிப் போனால் முதலில் அகலமான அவுர்லாண்ட் ஃபியோர்ட் வரும். அதில் ஊர்களும் தோட்டங்களும் இருக்கின்றன. நடுவழியில் படகு இடப்பக்கம் திரும்பி நேரோய்க்குள் நுழையும். அதற்குப் பிறகு மலைகள் நெருங்கிக்கொண்டே வரும். அகலம் ஓரிடத்தில் 250 மீட்டராகச் சுருங்கிவிடும். மறுதிசையில் வந்தால் மிகச் சிறந்த பகுதி தொடக்கத்திலேயே வந்துவிடும். அந்த நேரத்தில் நீங்கள் பையை எங்கே வைப்பது, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். பிறகு அகலமான தண்ணீரில் ஒரு மணி நேரம் போகும்போது மனம் பின்னாலேயே நிற்கும்.

இந்த வழிகாட்டலில் மற்ற எல்லாமே இந்த ஒரு முடிவைச் சுற்றித்தான் வருகின்றன. கண்ணையும், உடம்பின் சூட்டையும், கைப்பேசியின் மின்னையும் இரண்டாவது மணி நேரத்துக்கு மிச்சம் வையுங்கள்.

ஃப்ளோமுக்குப் போய்ச் சேருவது

ரயில்தான் நல்ல வழி. பேர்கனையும் ஒஸ்லோவையும் இணைக்கும் பாதையில் மிர்டால் என்ற மலை நிலையத்தில் இறங்க வேண்டும். பேர்கனில் இருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒஸ்லோவில் இருந்து வந்தால் ஐந்து மணி நேரம் வரை ஆகும். மிர்டாலில் ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை, மலைதான் இருக்கிறது. அங்கே ஃப்ளோம் ரயிலுக்கு மாற வேண்டும். 860 மீட்டருக்கு மேல் உள்ள உயரத்தில் இருந்து கடல்மட்டம் வரை 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் இறங்குகிற ரயில் அது. வழியில் 20 சுரங்கங்கள் வரும். செங்குத்தான இடங்களில் 18 மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் இறங்கிவிடும். கோடையில் ஷோஸ்ஃபொசன் அருவிக்குப் பக்கத்தில் சில நிமிடங்கள் நிறுத்துவார்கள். இறங்கிப் பாருங்கள், ஆனால் கைப்பேசியைச் சாரலில் இருந்து காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

பேர்கனில் இருந்து கோடையில் ஓடும் விரைவுப் படகும் உண்டு. நோர்வேயின் மிக நீளமான சொக்னெ ஃபியோர்டின் வழியே வந்து ஃப்ளோமில் சேரும். ஐந்தரை மணி நேரம் அளவில் ஆகும். கடலையும் தீவுகளையும் விரும்புகிறவர்களுக்கு அருமையான வழி. ஆனால் அதே நாளில் நேரோய்ப் படகிலும் ஏற நினைத்தால் நாள் முழுவதும் தண்ணீரிலேயே போய்விடும். பிள்ளைகளோடு வந்தால் வேண்டாம்.

காரில் வருகிறவர்கள் இ16 நெடுஞ்சாலையில் வருவார்கள். காரை ஃப்ளோமில் நிறுத்திவிட்டுப் படகில் போய், குட்வாங்கனில் இருந்து பஸ்ஸில் திரும்பி வரலாம். தண்ணீரில் இரண்டு மணி நேரம் சுற்றி வந்த வழியை, 11 கிலோமீட்டருக்கும் கூடிய நீளமுள்ள மலைச் சுரங்கத்துக்குள் பஸ் இருபது நிமிடத்தில் கடந்துவிடும். அந்தப் பஸ்ஸுக்கும் படகுச் சீட்டோடு சேர்த்தே இடம் எடுத்துவிடுங்கள். ஒஸ்லோப் பக்கம் இருந்து வந்தால், லேர்டாலுக்கும் அவுர்லாண்டுக்கும் இடையில் 24.5 கிலோமீட்டர் நீளமான இன்னொரு சுரங்கத்தைக் கடந்திருப்பீர்கள். 2000ஆம் ஆண்டில் திறந்த அந்தச் சுரங்கம்தான் உலகிலேயே நீளமான சாலைச் சுரங்கம். ஓட்டுகிறவருக்கு அலுப்புத் தட்டாமல் இருக்க இடையிடையே நீல வெளிச்சத்தில் குகை போன்ற அகன்ற இடங்கள் அமைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கும் விதமாக, ரயில், படகு, பஸ் மூன்றையும் சேர்த்த சீட்டு ‘நோர்வே இன் எ நட்ஷெல்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. ஒஸ்லோவில் காலையில் வெளிக்கிட்டு இரவு பேர்கனில் இறங்கலாம். நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு அது வசதிதான். தனித்தனியாக எடுத்தாலும் அதே வண்டிகளில்தான் போவீர்கள் என்பதால், பயணத் திட்டம் போடப் பழகியவர்கள் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். என் கருத்தைக் கேட்டால் ஃப்ளோமிலோ அவுர்லாண்டிலோ ஒரு இரவு தங்குங்கள். அதற்குச் செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் காலையில் நித்திரை முழித்து, நடந்து போய்ப் படகில் ஏறுகிற ஆளுக்கும், ஐந்து மணி நேரம் ரயிலில் இருந்துவிட்டு ஏறுகிற ஆளுக்கும் நிறைய வித்தியாசம். நேரோய் வரும்போது இரண்டாமவர் நித்திரை கொள்வதைப் படகில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

தங்கினால் இன்னொரு நன்மையும் உண்டு. முந்தின நாள் மாலையில் அவுர்லாண்டுக்கு மேலே இருக்கும் ஸ்தேகஸ்தைன் பார்வைத் தளத்துக்குப் போகலாம். கடல்மட்டத்தில் இருந்து 650 மீட்டர் உயரத்தில், மலைச்சரிவில் இருந்து 30 மீட்டர் வெளியே நீட்டிக் கட்டிய மரப்பாலம் அது. முனையில் கண்ணாடித் தடுப்பு மட்டும்தான். அடுத்த நாள் படகு போகப்போகிற ஃபியோர்டை முதலில் மேலே இருந்து பார்த்துவிட்டால், கீழே போகும்போது எங்கே இருக்கிறோம் என்பது நன்றாக விளங்கும்.

எந்த மாதம், எந்த நேரம்

மே கடைசியும் ஜூனும்தான் என் தேர்வு. மலை உச்சிப் பனி உருகி எல்லா அருவிகளும் நிறைந்து விழுகிற காலம் அது. உச்சியில் வெள்ளை, கரையில் பச்சை, இரண்டையும் ஒரே பார்வையில் காணலாம். ஜூனில் இரவு பதினொரு மணி வரை வெளிச்சம் இருக்கும். ஜூலையும் ஆகஸ்ட்டும் நெரிசல். செப்டம்பர் கடைசியில் பேர்ச் மரங்கள் மஞ்சளாகும். அருவிகள் மெலிந்திருக்கும், ஆட்களும் குறைந்திருப்பார்கள். குளிர்காலத்திலும் படகு ஓடுகிறது, ஆனால் சேவைகள் குறைவு. டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம் அளவில்தான் இருக்கும், அந்தத் தாழ்ந்த வெயிலும் மலைகளைத் தாண்டிக் கீழே வராது. பனி மூடிய பாறையையும் கறுத்த தண்ணீரையும் பார்க்க ஆசைப்படுகிறவர் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ வாருங்கள்.

நாளில் எந்த நேரம் என்றால், காலைப் படகு. ஃப்ளோம் துறைக்குப் பெரிய உல்லாசக் கப்பல்கள் வருகிற நாட்களில் முற்பகலுக்குப் பிறகு அந்தச் சின்னக் கிராமத்தில் கால் வைக்க இடம் இருக்காது. எந்த நாளில் எந்தக் கப்பல் வருகிறது என்ற பட்டியலைத் துறைமுகம் இணையத்தில் போட்டிருக்கும், பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். படம் எடுக்கிறவர்களுக்குக் காலையில் இன்னொரு வசதி. நேரோய்க்குள் படகு தென்மேற்கு நோக்கிப் போகும். காலை வெயில் கிழக்கில் இருந்து வந்து வலப்பக்க மலைச்சுவரில் விழும். பின்மதியத்தில் போனால் சூரியன் முகத்துக்கு நேரே நிற்கும், மலைகள் கறுப்பாகத்தான் படத்தில் விழும்.

மழை பெய்தால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். போங்கள். மழை நாளில்தான் பெயரில்லாத அருவிகள் பாறை முழுக்கக் கிளம்பும். வெயில் நாளில் உலர்ந்த கோடாகத் தெரிகிற இடத்தில் எல்லாம் வெள்ளைத் தண்ணீர் ஓடும். முகில் மலையின் பாதியில் படிந்து நிற்கும், அருவி அந்த முகிலுக்குள் இருந்து இறங்குவதுபோல் தெரியும். பேர்கனில் மழைக்காக எதையும் தள்ளிப்போட ஆரம்பித்தால் ஆண்டு முழுக்க வீட்டில்தான் இருக்க வேண்டும். இங்கே வாழ்ந்து பழகியதால் சொல்லவில்லை, அந்த ஃபியோர்டுக்கு மழை உண்மையிலேயே அழகு. காற்றும் தாழ்ந்த முகிலும் சேர்ந்து மலையை முழுக்க மூடிவிடும் நாள்கள்தான் ஏமாற்றம் தரும். முந்தின நாள் மாலையில் ‘யூர்’ என்ற நோர்வே வானிலைச் செயலியில் குட்வாங்கனைத் தேடிப் பாருங்கள். ஃப்ளோமுக்கும் குட்வாங்கனுக்கும் வானிலை வேறுவேறாக இருப்பது சாதாரணம்.

சீட்டு எடுப்பது

படகுச் சீட்டு குறிப்பிட்ட ஒரு புறப்பாட்டுக்கு உரியது. கோடையில் இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஃப்ளோம் ரயிலுக்கு இன்னும் முந்தி எடுக்க வேண்டும், அதுதான் முதலில் நிறையும். நேர அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், போன வருடம் போனவர் சொன்ன நேரத்தை நம்பி ரயில் எடுக்காதீர்கள். நோர்வே முழுவதற்குமான ‘என்தூர்’ பயணத் திட்டச் செயலியில் ரயிலையும் பஸ்ஸையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஃப்ளோம் ரயில் வந்து சேர்வதற்கும் படகு வெளிக்கிடுவதற்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விட்டு வையுங்கள். நிலையத்தில் இருந்து துறைக்குச் சில நிமிட நடைதான், ஆனாலும் பேர்கன் பாதையில் ரயில் தாமதமாவது நடக்கிற விஷயம்.

பணமாகக் குரோனர் மாற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை. கடை, பஸ், படகுத் தேநீர்க்கடை எல்லாவற்றிலும் வங்கி அட்டை செல்லும். சாப்பாட்டுக்கு நோர்வேக்காரர் செய்வதையே செய்யுங்கள். வீட்டில் இருந்தே ரொட்டியோ சோறோ கட்டிக்கொண்டு வாருங்கள். படகில் விற்பது பசிக்குப் போதும், மரக்கறிக்காரருக்குத் தெரிவு குறைவு. தண்ணீர்ப் போத்தல் வாங்க வேண்டாம், குழாய்த் தண்ணீரையே நம்பிக் குடிக்கலாம்.

என்ன உடுத்துவது

ஜூலையில் ஃப்ளோம் துறையில் டீஷர்ட்டோடு வெயில் காய்ந்துகொண்டிருப்பீர்கள். படகு வெளிக்கிட்டுப் பத்து நிமிடத்தில் விறைக்கும். தண்ணீர் குளிர்ந்தது, படகு ஓடுவதால் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஒரு தடித்த உடுப்பைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது. உள்ளே கம்பளி, நடுவில் ஸ்வெட்டர், வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். பருத்தி உடுப்பு நனைந்தால் காயாது, குளிரைத்தான் பிடித்து வைக்கும். தொப்பியும் மெல்லிய கையுறையும் கோடையிலும் பையில் இருக்கட்டும். குடை வேண்டாம். மேல்தளத்தில் அது காற்றில் திரும்பிக்கொண்டு பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கு ஆபத்தாகும்.

வயதானவர்களுக்கு ஒரு போர்வையோ தடித்த சால்வையோ கொண்டு போங்கள். என் மாமி முதல் ஒரு மணி நேரம் படகின் உள்ளே, கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னாலேயே இருப்பார். நேரோய் தொடங்கும்போது போர்வையோடு வெளியே கூட்டி வந்து, காற்று அடிக்காத பின்பக்கத்தில் இருத்துவோம். அதற்குப் பிறகு அவரை உள்ளே கூட்டிப் போவதுதான் கஷ்டம்.

படகில் எங்கே நிற்பது

இந்தப் பாதையில் ஓடும் படகுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவையும் பார்க்க வேண்டியவைதான். ‘விஷன் ஆஃப் த ஃபியோர்ட்ஸ்’ 2016இல் வந்தது, டீசலும் மின்கலமும் சேர்ந்தது. ‘ஃபியூச்சர் ஆஃப் த ஃபியோர்ட்ஸ்’ 2018இல் வந்தது, முழுக்க மின்சாரத்தில் ஓடுகிறது. இரண்டும் 42 மீட்டர் நீளம், 400 பேர் வரை ஏறலாம். மலைப்பாதைகள் வளைந்து வளைந்து ஏறுவதைப் பார்த்து வடிவமைத்ததால், படகின் வெளிப்பக்கம் முழுவதும் சாய்தளமாகச் சுற்றி மேல்தளம் வரை ஏறுகிறது. முழங்கால் வலிக்காரருக்கு இது பெரிய உதவி. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாக நடந்தே மேலே வந்தார். நேரோய் போன்ற உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளில் சிறிய, நடுத்தரப் பயணிகள் கப்பல்கள் புகையில்லாமல்தான் ஓட வேண்டும் என்ற விதி 2026 தொடக்கத்தில் இருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட பெரிய கப்பல்களுக்கு 2032 வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். இதை நான் மனதார வரவேற்கிறேன். முன்பு காற்றில்லாத நாட்களில் கப்பல்களின் புகை மலைகளுக்கு நடுவில் நீலமாகத் தங்கி நிற்கும். மின்படகில் இயந்திரச் சத்தமும் குறைவு, அருவி விழுகிற ஒலி தூரத்திலேயே கேட்கும்.

இருக்கை எண் கிடையாது. புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே வரிசையில் நில்லுங்கள். ஏறியதும் எல்லோரும் மேல்தளத்து முன்பக்கத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். முதலில் பெட்டிகளை உள்ளே வைத்து, சன்னலோரமாகக் குடும்பத்துக்கு ஓர் இடம் பிடித்து, சூடாக ஏதாவது குடியுங்கள். முன்னால் போனவர்கள் அரை மணி நேரத்தில் குளிர்ந்து உள்ளே வருவார்கள். அப்போது வெளியே போனால் முன்வரிசை காலியாக இருக்கும், அதுவும் சரியாக நேரோய்க்குள் திரும்புகிற நேரத்துக்கு.

தலைசுற்றல், வாந்திக்குப் பயப்படுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். இது திறந்த கடலில் இருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிற தண்ணீர். அலை எழுவது குறைவு. பிள்ளைகளைக் கம்பியில் ஏற விடாதீர்கள். கடற்காகங்கள் படகோடு கூடவே பறந்து வரும், அவற்றுக்குத் தீனி எறியாதீர்கள். ஒன்றுக்குக் கொடுத்தால் நாற்பது வந்து உங்கள் கையில் இருக்கிறதையும் பறிக்கும்.

வழியில் எதைப் பார்ப்பது

ஃப்ளோமை விட்டதும் வலப்பக்கம் அவுர்லாண்ட் ஊர் வரும். அண்ணாந்து பார்த்தால் ஸ்தேகஸ்தைன் தளம் மலைச்சரிவில் சின்னதாக நீட்டிக்கொண்டு தெரியும். கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் உந்ரெடால். ஆட்களைவிட ஆடுகள் அதிகமான கிராமம். ஆட்டுப்பால் சீஸ் இவர்களின் தொழில், பழுப்பு நிறத்தில் இனிப்பாக இருக்கும் வகைதான் பெயர் போனது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரத்தேவாலயம் ஒன்று வீடுகளுக்கு மேலே வெள்ளையாக நிற்கும். நாற்பது பேர் இருந்தால் நிறைந்துவிடும். இந்த ஊருக்குச் சாலை வந்தது 1988இல்தான். அதுவரை எல்லாமே தண்ணீர்வழி.

இந்தப் பகுதியில் மலையின் மேற்சரிவுகளைக் கவனியுங்கள். பச்சைத் துண்டாக ஒரு திட்டு, அதில் ஒரு மரவீடு தெரியும். யாரும் நம்ப முடியாத உயரத்தில் குடும்பங்கள் ஆடு வளர்த்து, புல் அறுத்து வாழ்ந்திருக்கிறார்கள். வரி வாங்க ஆள் வருவது தெரிந்தால் ஏணியை மேலே இழுத்துவிடுவார்கள் என்று இப்படிப்பட்ட வீடுகளைப் பற்றி மேற்கு நோர்வே முழுக்கக் கதை சொல்வார்கள். வெயில் படுகிற கொஞ்ச நிலம் அங்கேதான் இருந்தது, அதுதான் காரணம். சின்னத் தொலைநோக்கி ஒன்று இருந்தால் கொண்டு போங்கள். கண்ணால் பார்ப்பதற்கும் அதில் பார்ப்பதற்கும் இந்த இடத்தில்தான் பெரிய வித்தியாசம்.

பிறகு பைத்தெலென் என்ற மலைமூக்கு வரும். படகு அதைச் சுற்றி இடப்பக்கம் திரும்பும். இந்த நேரத்துக்கு வெளியே வந்துவிட வேண்டும். கைப்பேசியைக் கொஞ்சம் பையில் போடுங்கள், முதல் ஐந்து நிமிடம் கண்ணால் பாருங்கள்.

நேரோய் ஃபியோர்ட் 17 கிலோமீட்டர் நீளம். இருபக்கமும் உள்ள மலைகளில் 1,700 மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. கெய்ரங்கர் ஃபியோர்டோடு சேர்த்து 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பனியுகத்தில் பனியாறுகள் பள்ளத்தாக்கைக் குடைந்து குடைந்து, பனி உருகியபோது கடல் உள்ளே வந்ததுதான் ஃபியோர்ட். அதனால்தான் பள்ளத்தாக்கு அடியில் வட்டமாகவும் பக்கங்களில் செங்குத்தாகவும் இருக்கிறது. இது கலக்கும் சொக்னெ ஃபியோர்ட் நடுவில் 1,300 மீட்டர் ஆழம், ஆனால் கடலைச் சேரும் வாயில் 200 மீட்டர்கூட இல்லை. கடற்கரைக்குக் கிட்டப் பனியாறு பரந்து மெலிந்துவிட்டதால் அங்கே அதற்குக் குடைகிற பலம் இருக்கவில்லை. கீழே தண்ணீருக்குள்ளும் பாறை அப்படியே இறங்குவதால், பல இடங்களில் படகு மலைச்சுவருக்கு மிகவும் கிட்டவே போக முடிகிறது. தண்ணீரின் பச்சை நிறத்துக்குக் காரணம், பனியாறு பாறையை அரைத்து வரும் மிக நுண்ணிய துகள். ஆற்றுநீர் உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதக்கும், துகளும் அதில்தான் நிற்கும்.

டீர்டால் என்ற இடத்தில் சில வீடுகள் தெரியும். சாலை கிடையாது, இன்றைக்கும் படகில்தான் போக வேண்டும். ஸ்தீவி என்ற இடமும் அப்படித்தான். ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் 1647இல் தபால் சேவை தொடங்கியபோது கடிதங்கள் இந்த வழியாகத்தான் போயின. ஆட்கள் துடுப்பு வலித்துக் கொண்டு போவார்கள். குளிர்காலத்தில் ஃபியோர்ட் உறைந்தால் கரையோரப் பாதையில் சுமப்பார்கள். அந்தப் பழைய தபால்பாதையில் இன்றைக்கும் நடக்கலாம். எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு கடிதத்துக்காக மனிதர் இந்தச் சுவர்களுக்கு அடியில், பனிச்சரிவு விழும் காலத்தில், போய்வந்திருக்கிறார்கள்.

பாறைத் திட்டுகளில் சாம்பல் நிறத்தில் உருண்டையாக ஏதாவது கிடந்தால் உற்றுப் பாருங்கள், கடல்நாயாக இருக்கும். மேலே வெள்ளை வாலுள்ள கடற்கழுகும், தண்ணீரில் கறுப்பு முதுகைக் காட்டி மறையும் சிறு கடற்பன்றிகளும் சில நாட்களில் கிடைக்கும். இவற்றை எதிர்பார்த்துக்கொண்டு போகாதீர்கள். கிடைத்தால் நல்லது.

கடைசிப் பகுதியில் வலப்பக்கம் பாக்கா கிராமமும் அதன் சின்ன வெள்ளைத் தேவாலயமும் வரும். 1859இல் கட்டியது. அந்தத் தேவாலயத்தைப் படம் எடுக்கும்போது பின்னால் உள்ள மலையையும் சேர்த்து எடுங்கள், அப்போதுதான் மலையின் அளவு தெரியும். நேரோயில் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் ஏமாற்றுவதற்கு இதுதான் காரணம், அளவு காட்ட ஒன்றும் அதில் இருக்காது. வீடோ, படகோ, துடுப்புப் படகுக்காரரோ படத்துக்குள் இருக்கட்டும். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் தண்ணீரில் இருந்து உச்சி வரை அடங்கும். குட்வாங்கனை நெருங்கும்போது உச்சியில் இருந்து பல கிளைகளாக விழும் ஷெல்ஃபொசன் அருவி தெரியும்.

வேறு படகுகள்

ஃப்ளோமில் இருந்து ரப்பர் வேகப் படகுகளும் போகின்றன. குளிருக்கும் தண்ணீருக்கும் ஏற்ற முழு உடுப்பு அவர்களே தருவார்கள். தண்ணீரோடு தண்ணீராகப் போய், கடல்நாய்களுக்குக் கிட்டே நிறுத்தி, கதை சொல்லிக் கூட்டி வருவார்கள். இளைஞர்களுக்கு நல்லது. கர்ப்பிணிகளுக்கும் முதுகு வலிக்காரருக்கும் ஆகாது. துடுப்புப் படகில் போக ஆசைப்படுகிறவர்கள் முதல் தடவை வழிகாட்டியோடு போங்கள், தண்ணீர் கோடையிலும் ஆளை விறைக்க வைக்கும் குளிர்.

ஓலசுண்ட் பக்கம் போகிறவர்களுக்கு நேரோய் தூரம். அவர்கள் கெய்ரங்கரையே பார்க்கலாம். ஸ்தவாங்கரில் தங்குகிறவர்களுக்கு 604 மீட்டர் உயரப் பிரசங்கப் பாறைக்கு அடியால் போகும் லீசெ ஃபியோர்ட் படகு இருக்கிறது. இருக்கிற இடத்துக்குக் கிட்டே உள்ளதைப் பாருங்கள், ஒரு நாளில் இரண்டு ஃபியோர்டுக்கு ஓடாதீர்கள்.

குட்வாங்கனில் இறங்கிய பிறகு

இறங்கியதும் படகு எப்படி மின்னேற்றுகிறது என்று பாருங்கள். சின்னக் கிராமத்து மின்கம்பியால் ஒரு படகை அவசரமாக நிரப்ப முடியாது. அதற்காகப் பெரிய மின்கலங்களை வைத்த மிதக்கும் துறை ஒன்றைச் செய்திருக்கிறார்கள். அது நாள் முழுக்க மெதுவாக மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, படகு வந்ததும் விரைவாகக் கொடுக்கும். என் மருமகன் அந்தத் துறையை விட்டு வரவே மறுத்தான்.

வைக்கிங் வாழ்க்கையைக் காட்டும் கிராமம் ஒன்று துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகள் வில் விடலாம், கோடரி எறியலாம். அதற்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். பஸ் உடனே வருகிறது என்றால் வாசலோடு திரும்புங்கள், அரைகுறையாகப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டாம்.

பேர்கனுக்கோ ஒஸ்லோவுக்கோ போகிறவர்கள் இங்கே இருந்து வொஸ் நகரத்துக்குப் பஸ் எடுக்க வேண்டும். ஒரு மணி நேர ஓட்டம். படகு வந்ததும் ஒரே நேரத்தில் நூறு பேர் பஸ்ஸுக்கு நிற்பார்கள் என்பதால், படகு கரையை நெருங்கும்போதே பெட்டிகளை எடுத்து வாசலுக்குக் கிட்டே நில்லுங்கள். வயதானவர்களைக் கடைசிவரை மேல்தளத்தில் விட்டு வைக்காதீர்கள். கழிப்பறைக்குப் படகிலேயே போய்விடுங்கள். வொஸ்ஸில் பஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். அங்கே இருந்து பேர்கன் ரயில் ஒன்றேகால் மணி நேரம். அந்த ரயிலுக்கு நேர இடைவெளி குறைந்தது நாற்பது நிமிடமாவது இருக்கட்டும். கோடையில் இ16இல் சாலை வேலையோ சுரங்க மூடலோ இருந்தால் பஸ் சுணங்கும், கிளம்பும் அன்று காலையில் சாலை நிலவரத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.